கரும்பை வெட்டியது யார் என்று ஆலைக்குத் தெரிய வேண்டும்

நிறுவனங்களின் மனித உரிமைப் பொறுப்பு குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு விவசாயி ஆலைக்கென்று கரும்பு நட்டால் அது ஆலையின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. எந்த ஊர், எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர், நடவு தேதி என்ன, கோ 86032 ரகமா வேறா, நடவுக் கரும்பா கட்டைக் கரும்பா என்று எல்லாம் எழுதப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்து ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வருகிறது. எந்த நாளில் வெட்டுவது என்பதை ஆலைதான் முடிவு செய்கிறது. கரும்பு ஏற்றி வந்த டிராக்டரின் எண், எடைமேடையில் விழுந்த எடை, விவசாயிக்குச் சேர வேண்டிய பணம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கரும்பை வெட்டியவர் யார், அவர் எந்த ஊர்க்காரர், அவர் மனைவிக்குத் தனியாகக் கூலி கிடைத்ததா, பிள்ளை எங்கே இருந்தது என்று அந்த ஏட்டில் தேடினால் ஆள் பிடித்துக் கூட்டிவரும் மேஸ்திரி ஒருவர் பெயருக்கு மேல் கிடைப்பது அரிது.

முண்டியம்பாக்கமும் பெரியசெவலையும் கரும்புக்குப் பேர்போன ஊர்கள். மரக்காணம் கடற்கரை ஓரம் முழுக்கச் சவுக்கு. வானூர் வட்டத்தில் கல் குவாரிகள். திண்டிவனத்தை அடுத்த குன்னத்துக் கருங்கல்லுக்கு உலகச் சந்தையில் அந்த ஊர்ப் பெயரே வணிகப் பெயர். வழிநெடுக நெல் அரைக்கும் ஆலைகள். இந்த வேலைகள் அனைத்திலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைப்பவர்களை இந்த மாவட்டம் தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இருளர்களும் தலித்துகளும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசே வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களில் இருளர் சமூகமும் ஒன்று.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கரும்போ, நெல்லோ, மரமோ, கல்லோ, செங்கல்லோ எதை வாங்கிப் பிழைப்பு நடத்தும் நிறுவனமானாலும், அந்தப் பொருளில் கை வைத்த கடைசித் தொழிலாளி வரை அதற்குப் பொறுப்பு உண்டு. நடுவில் மேஸ்திரி இருக்கிறார், தரகர் இருக்கிறார், ஒப்பந்தக்காரர் இருக்கிறார் என்பதால் அந்தப் பொறுப்பு குறையாது. அது நிறைவேறுகிறதா என்று எங்கள் பகுதியில் கண்டுபிடிக்க வேண்டுமானால் கேட்க வேண்டியது முன்பணத்தைப் பற்றித்தான். தொழிலாளி வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு? கொடுத்தது யார்? அது தீராமல் அவர் எழுந்து போக முடியுமா? இதைக் கேட்காத எந்தச் சமூகத் தணிக்கையையும் மனித உரிமை அறிக்கையையும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திண்டிவனம் சிப்காட் வளாகத்தில் உணவுப் பூங்கா வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் டாபர் நிறுவனம் 400 கோடி ரூபாய் வரை முதலீடு செய்து இங்கே ஆலை அமைக்கத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. பக்கத்தில் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக் நிறுவனத்துக்குக் காலணி தைக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைப்பதை மனதார வரவேற்கிறோம். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ அட்டை இதெல்லாம் இந்த மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு முதல் தலைமுறை அனுபவம். ஆனால் ஓர் ஆலை வந்தால் அதைச் சுற்றி வேறு பல வேலைகளும் வரும். கட்டடத்துக்குச் செங்கல்லும் ஜல்லியும் வேண்டும். கொதிகலனுக்கு விறகு வேண்டும். தயாரிப்புக்குச் சர்க்கரையும் அரிசியும் வேண்டும். ஆலையின் கேட்டுக்கு உள்ளே சீருடையும் அடையாள அட்டையுமாக எல்லாம் ஒழுங்காக இருக்கும். கேட்டுக்கு வெளியே பொருள் கொடுப்பவர் எப்படி ஆள் பிடிக்கிறார் என்பதைப் பற்றித்தான் இப்போதே பேச வேண்டும்.

முன்பணம் கைமாறும் காலம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வேலை நின்றுவிடும், செங்கல் சூளை மூடிவிடும். வீட்டில் அரிசி இருக்காது. அப்போதுதான் மேஸ்திரி வருவார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு கூரையும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு இருபதாயிரமோ முப்பதாயிரமோ ரொக்கமாகக் கொடுக்க மேஸ்திரியைத் தவிர யாரும் இல்லை. பட்டா இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது. சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அலைந்து அலைந்து சோர்ந்தவருக்கு அரசின் பழங்குடிக் கடன் திட்டம் எட்டாது. பிரசவம், சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எது வந்தாலும் அடகு வைக்க அவரிடம் இருப்பது வரப்போகும் ஆறு மாத உழைப்பு மட்டும்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது ஆளைத் தனியாக எண்ண மாட்டார்கள். ஜோடியாகத்தான் எண்ணுவார்கள். கணவன், மனைவி சேர்ந்தது ஒரு ஜோடி. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு, கரும்புத் தோட்டத்தில் டன்னுக்கு இவ்வளவு. அவன் மண் குழைத்தால் அவள் அச்சில் அள்ளிப் போடுகிறாள். அவன் வெட்டினால் அவள் தோகை உரித்துக் கட்டு கட்டுகிறாள். நோட்டில் ஏறுவது அவன் பெயர். அவள் உழைப்புக்கென்று ஒரு வரி கிடையாது. விடியற்காலையில் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைப்பது பிள்ளைகளின் வேலை. அதற்கு நோட்டில் இடமே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை செலவுக்காசு என்று ஏதோ கொடுப்பார்கள். அதில் அரிசி, மிளகாய், மாத்திரை வாங்க வேண்டும். பருவம் முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். அறுத்த கல்லுக்கு இவ்வளவு, வாங்கிய செலவுக்காசு இவ்வளவு, மழையில் கரைந்த கல்லுக்குக் கழிவு, படுத்திருந்த நாளுக்குக் கழிவு. கணக்கு நோட்டு மேஸ்திரியிடமோ முதலாளியிடமோ இருக்கும். தொழிலாளி கையில் காகிதம் எதுவும் இருக்காது. "இன்னும் கணக்கு தீரல" என்று சொல்லிவிட்டால் அடுத்த வருடமும் அங்கேதான்.

பருவ வேலையில் முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. கொடுத்த பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதே குற்றம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரியையும் கேட்டுக்கொள்கிறோம். சங்கிலியால் கட்டி வைத்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடனுக்காகவோ முன்பணத்துக்காகவோ ஒருவர் பெயரளவுக் கூலிக்கு உழைத்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாலும், ஏதாவது ஒன்று இருந்தாலே அது கொத்தடிமை முறைதான். அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளியோ கண்காணிப்புக் குழுவோ சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். இதைச் சொல்லும் 15ஆவது பிரிவு நடைமுறையில் மறக்கப்பட்டுக் கிடக்கிறது. "எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கா, சாட்சி இருக்கா" என்று தொழிலாளியைக் கேட்பதுதான் இன்றும் வழக்கமாக இருக்கிறது.

1995இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாடு முழுக்க அலைந்து திரிந்து கொடுத்த அறிக்கை, மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. அரசு அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. ஆனாலும் மீட்புகள் நின்றபாடில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டனர். முதியவர் ஒருவர் வட்டாட்சியரின் காலில் விழும் படம் நாடெங்கும் பரவியது. சொற்பக் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்ததாக அவர்கள் சொன்னார்கள். படத்தைப் பார்த்து நாடே கண் கலங்கியது. வெட்டிய மரம் எங்கே போனது, யார் வாங்கினார்கள், எந்த அடுப்பில் எரிந்தது என்று அப்போது உரக்கக் கேட்டவர்கள் குறைவு. நாங்கள் கேட்க விரும்புவது அதைத்தான்.

டெல்லியில் 1982இல் வந்த தீர்ப்பு

நிறுவனங்களின் மனித உரிமைப் பொறுப்பு என்றதும், அது ஜெனீவாவிலிருந்தோ பிரஸ்ஸல்ஸிலிருந்தோ இறக்குமதியான பேச்சு என்று சில தொழிலதிபர்கள் சொல்கிறார்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர் கேட்கிறார், அதனால் படிவம் நிரப்புகிறோம் என்பது அவர்களின் மனநிலை. இந்த எண்ணம் தவறு. ஐ.நா. மனித உரிமை மன்றம் வணிகத்துக்கும் மனித உரிமைக்குமான வழிகாட்டு நெறிகளை ஏற்றது 2011இல். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பே நம் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். ஒப்பந்தக்காரர்கள் ஜமாதார்கள் வழியாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஜமாதார் கூலியில் பங்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொழிலாளிக்குக் கொடுத்தார். குறைந்தபட்சக் கூலியைவிட அது குறைவு. மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் வழக்குத் தொடுத்தது. அரசுத் தரப்பின் வாதத்தை இன்று எந்த நிறுவனத்தின் வாயிலும் கேட்கலாம்: இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நீதிபதி பகவதி அமர்வு அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால், பசியும் வறுமையும் அவரை அங்கே தள்ளியிருந்தாலும் அது கட்டாய உழைப்புதான், அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடை செய்திருக்கும் உழைப்பு என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவு அரசை மட்டும் அல்ல, தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றது. முதன்மை வேலையளிப்பவர் ஒப்பந்தக்காரரைக் காட்டித் தப்ப முடியாது என்றது. டெல்லி ஜமாதாருக்கும் திண்டிவனத்து மேஸ்திரிக்கும் பெயர்தான் வேறு. இது எங்கள் நாட்டுச் சட்டம், எங்கள் நீதிமன்றத்தின் சொல். இதைக் கடைப்பிடிக்க ஐரோப்பிய வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கவலைக்குரிய மாற்றம் ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 பேர் உள்ள இடத்துக்கே பொருந்தியது. இப்போது 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். கரும்பு வெட்டும் கூட்டத்திலோ சவுக்கு வெட்டும் கூட்டத்திலோ ஐம்பது பேர் இருப்பது அபூர்வம். பத்து ஜோடி, பன்னிரண்டு ஜோடிதான். மாநிலத்துக்குள்ளேயே இடம்பெயர்பவர்களுக்கோ பாதுகாப்பு முதலிலிருந்தே இல்லை. 1979ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மாநில எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது. விக்கிரவாண்டியிலிருந்து திருவள்ளூர் சூளைக்குப் போகிறவர் அதன் கணக்கில் வரவில்லை. இப்படிச் சட்டத்தில் விழுந்திருக்கும் ஓட்டைகளை நிறுவனங்கள் தங்களுக்குக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. ஒரே ஒருவர் இருந்தாலும் அது பொருந்தும்.

தணிக்கையும் நன்கொடையும்

கம்பெனிகள் சட்டம் 2013 பெரிய நிறுவனங்களை லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமும் கழிப்பறையும் வருகின்றன. அது நல்ல காரியம், நன்றி சொல்கிறோம். ஆனால் அது வேறு கணக்கு. பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த நிறுவனத்துக்குப் போகும் கரும்பை, அந்தப் பள்ளியில் பெயர் மட்டும் இருக்கும் ஒரு பிள்ளை வெயிலில் கட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? லாபம் வந்த பிறகு எதைக் கொடுத்தோம் என்பதைவிட, லாபம் எந்த வழியில் வந்தது என்று பார்ப்பதே மனித உரிமைப் பொறுப்பு.

பங்குச்சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. கட்டாய உழைப்பு, குழந்தைத் தொழிலாளர், கூலி பற்றியெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. அதற்கு முன்பே 2019இல் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் ஐந்தாவது கோட்பாடே மனித உரிமைதான். ஆனால் செபி படிவத்தில் ஒரு பிரிவு கட்டாயம், இன்னொரு பிரிவு விருப்பம். சொந்த ஆலை, அலுவலகம் பற்றிய மதிப்பீடு கட்டாயப் பிரிவில் இருக்கிறது. பொருள் வழங்குவோரிடம் என்ன நடக்கிறது என்ற கேள்வி விருப்பப் பிரிவில் இருக்கிறது. கொத்தடிமை முறை ஆலைக்கு உள்ளே இருப்பதில்லை. ஆலைக்கு வெளியே மூன்று நான்கு படி தள்ளி இருக்கிறது. அங்கே பார்ப்பதை விருப்பத்துக்கு விட்டுவிட்டால் அறிக்கை எவ்வளவு பக்கம் வந்தாலும் எங்கள் மக்கள் அதில் தெரியமாட்டார்கள்.

தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதே என்பவர்களுக்குக் கராச்சியை நினைவூட்டுகிறோம். அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் தரச் சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் வெளியேற வழியில்லாமல் இறந்தார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் தணிக்கையாளர், நிர்வாகம் உட்கார வைக்கும் தொழிலாளியிடம், நிர்வாகத்தின் ஆளே மொழிபெயர்க்க, அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனால் இப்படித்தான் ஆகும். கரும்புத் தோட்டத்துக்கோ அந்தத் தணிக்கையாளரும் வருவதில்லை.

கரும்புத் தோட்டத்தை யாரும் பார்க்காததால் மகாராஷ்டிரத்தில் நடந்தது இன்னொரு கொடுமை. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்குக் கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை அளவுக்கு மீறி நடக்கிறது என்ற செய்தி வந்ததும், 2019இல் அரசு ஒரு குழு அமைத்து விசாரித்தது. 13,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது நடந்திருந்தது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் ஜோடிக்கே கூலிப் பிடித்தம். முன்பணம் தீராது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸும் ஃபுல்லர் புராஜெக்டும் அந்தச் சர்க்கரை எந்தெந்தக் குளிர்பான நிறுவனங்களுக்குப் போகிறது என்று பெயர் சொல்லி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அங்கேயும் வேர் ஜோடி முறையும் அட்வான்ஸும்தான்.

அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலில், இந்தியாவில் கட்டாய உழைப்பால் உருவாகும் பொருள்கள் என்ற தலைப்பின் கீழ் செங்கல், அரிசி, கல் மூன்றும் இருக்கின்றன. மூன்றும் எங்கள் மாவட்டத்து வேலைகள். ஜெர்மனியின் சில மாநிலங்களில் குழந்தை உழைப்பில் செய்த கல்லறைக் கற்களை நிறுத்தத் தடை இருக்கிறது. வேறு நாட்டில் கல்லறையில் நிற்கும் கல்லுக்கு இருக்கும் விசாரணை, இங்கே கல் உடைப்பவருக்கு இல்லை என்பது எங்களை உறுத்துகிறது.

அரசே வாங்குகிறது

இந்தப் பொறுப்பு தனியாருக்கு மட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரியசெவலை செங்கல்வராயன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரசின் கட்டுப்பாட்டில் நடப்பது. சவுக்கை விலைக்கு வாங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அரசு நிறுவனம். ரேஷன் கடைக்கு வரும் அரிசியின் ஒரு பகுதியை நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்காகத் தனியார் ஆலைகள் அரைத்துக் கொடுக்கின்றன. அந்த ஆலைகளில் ஆள் எப்படி வந்தார் என்று அரைவைக் கூலி ஒப்பந்தத்தில் ஒரு கேள்வி சேர்ப்பதற்கு எந்த வெளிநாட்டுச் சட்டமும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அரசு தன் சொந்தக் கொள்முதலில் இதைச் செய்துவிட்டுத் தனியாரிடம் கேட்டால்தான் கேட்பதற்கு வலு இருக்கும். சிப்காட்டில் மனை ஒதுக்கும்போது தண்ணீருக்கும் கழிவுக்கும் நிபந்தனை போடுவதுபோல் உள்ளூர்க் கொள்முதலில் முன்பணக் கொத்தடிமை இல்லை என்பதற்கும் நிபந்தனை போட வேண்டும்.

மீட்கப்பட்டவர்களின் கதியையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சம் உண்டு. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மிச்சத் தொகை முதலாளி மீதான வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. விடுதலைச் சான்றிதழை நெகிழித் தாளில் சுற்றி ஓலைக்குள் செருகி வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பம் அடுத்த ஐப்பசியில் மறுபடி மேஸ்திரியிடம் கை நீட்டுகிறது. அவர்கள் உழைப்பில் லாபம் பார்த்த நிறுவனத்துக்கு இந்த மறுவாழ்வில் பங்கு இருக்க வேண்டாமா? இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. வழக்கு முடியும் வரை காத்திருக்காமல், தன் சரக்கு வந்த வழியில் கொத்தடிமை முறை இருந்தது என்று உறுதியானவுடனேயே அந்த நிறுவனம் அதைக் கொடுக்க வேண்டும்.

விவசாயியை முன்னால் தள்ளாதீர்கள்

இப்படிக் கேட்கும்போதெல்லாம் ஆலைகள் விவசாயியை முன்னால் நிறுத்துகின்றன. வெட்டுக்கூலி கொடுப்பவர் விவசாயி, ஆள் பிடிப்பவர் மேஸ்திரி, நாங்கள் கரும்பை வாங்குகிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள். இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவரின் நிலை எங்களுக்குத் தெரியும். வெட்டு உத்தரவு தாமதமானால் எடை குறைகிறது. ஆலை 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொன்னாலும், நிலுவைக்காக அவர் போராடிய வருடங்கள் பல. வெட்டுக்கூலி ஏறினால் அது அவர் தலையில்தான் விழுகிறது. அவரைக் குற்றவாளியாக்கும் எந்தத் தீர்வையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. வெட்டுகிறவருக்கு நியாயமான கூலி கொடுக்கும் செலவை விவசாயியின் தலையில் கட்டாமல் சர்க்கரையை வாங்கும் விலையில் சேர்க்க வேண்டும். மிட்டாய்க்கும் குளிர்பானத்துக்கும் மருந்துக் கஷாயத்துக்கும் மொத்தமாகச் சர்க்கரை வாங்கும் நிறுவனங்கள் அதைத் தாங்க முடியும். அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்டு நடத்தை விதிகளை மட்டும் அனுப்பி வைப்பது நேர்மையில்லை.

இன்னொரு தப்பிக்கும் வழியையும் அடைத்துவிட விரும்புகிறோம். தவறு வெளிவந்ததும் அந்த ஆலையிடம் இனி வாங்க மாட்டோம் என்று அறிவித்து விலகிக்கொள்வது நிறுவனங்களுக்குச் சுலபம். அதனால் வேலை போவது தொழிலாளிக்கு. நிறுவனம் இருந்து சரிசெய்ய வேண்டும். செய்ய முடியும் என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. அங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், ஆடை வாங்கிய எச் அண்ட் எம் ஆகிய நிறுவனங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்க ஆலைத் தளத்திலேயே தொழிலாளிப் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. தணிக்கையாளருக்குப் பதில் தொழிலாளியே கண்காணித்தார் என்பதுதான் அதில் முக்கியம். கரும்புக்கும் செங்கல்லுக்கும் சவுக்குக்கும் இதேபோன்ற ஒப்பந்தம் சாத்தியம் என்று நம்புகிறோம். பேசுவதற்குத் தயாராக இருக்கிறோம்.

ஆகவே விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் பொருள் வாங்கும் எல்லா நிறுவனங்களிடமும் நாங்கள் கேட்பது இது. வெட்டுகிறவர், அறுக்கிறவர், சுமக்கிறவர் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஜோடிக் கணக்கு ஒழிந்து, பெண்ணின் கூலி பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். முன்பணம் தேவைப்பட்டால் அதை ஆலையோ நிறுவனமோ நேரடியாக, வட்டியில்லாமல், தொழிலாளி கையில் சீட்டோடு கொடுக்க வேண்டும். நடுவில் விலகிப் போனாலும் அவரைத் தடுக்கக் கூடாது. கணக்கு நோட்டின் ஒரு படி தொழிலாளியிடம் இருக்க வேண்டும், அதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பால்வாடியும் நிறுவனத்தின் செலவில் இயங்க வேண்டும். புகார் சொல்ல மேஸ்திரிக்கோ மேலாளருக்கோ சம்பந்தமில்லாத ஒரு வழி இருக்க வேண்டும், புகார் சொன்னவர் மறுநாளும் வேலையில் இருக்க வேண்டும்.

1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்திலும் ஒவ்வொரு கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு உண்டு. திண்டிவனம் சார் ஆட்சியரும் விழுப்புரம் கோட்டாட்சியரும் அந்தக் குழுக்களை அரவைப் பருவத்துக்கு முன்பாகவும் சூளைப் பருவத்துக்கு முன்பாகவும் கூட்ட வேண்டும். பொருள் வாங்கும் நிறுவனங்களின் பிரதிநிதிகளையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். மேஸ்திரிகளின் பட்டியலையும் கொடுத்த முன்பணத்தின் பட்டியலையும் அந்தக் கூட்டத்திலேயே நிறுவனங்கள் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கோரிக்கையோடு மாவட்ட ஆட்சியருக்கும், இந்தப் பகுதியின் சர்க்கரை ஆலைகளுக்கும், திண்டிவனம் சிப்காட்டில் இடம் பெற்ற நிறுவனங்களுக்கும் தனித்தனியே கடிதம் அனுப்புகிறோம். வரும் பதில்களை இருளர் குடியிருப்புகளில் கூட்டம் போட்டு வாசிப்போம். பதில் தராத நிறுவனங்களின் பெயர்களையும் அதே கூட்டத்தில் வாசிப்போம்.